‘படிப்பு வராதவர்கள்’ என்றொரு சாதி

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு விதமான அறிவுரைகள் புறப்படும். மார்க் வாங்கிய பிள்ளைக்கு, எந்த குரூப் எடுக்கலாம் என்பது ஒன்று. வாங்காத பிள்ளைக்கு, “எல்லாருக்கும் படிப்பு வந்துடுமா? அவனுக்குக் கைவேலை நல்லா வரும், அதுல விடுங்க” என்பது இன்னொன்று. முதலாவதில் ஆசை இருக்கிறது, இரண்டாவதில் பரிவு இருக்கிறது. பரிவோடு சொல்லப்படுவதாலேயே அதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இப்போது அதற்கு உளவியல் சட்டை வேறு மாட்டியாயிற்று. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுபாவம், அதற்கென ஒரு பாதை, பள்ளிக்கூடமோ எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறது, ஆகவே ஒத்துவராதவர்களை ஆரம்பத்திலேயே பிரித்து அவரவர் வழியில் அனுப்பிவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் நல்லது என்கிறார்கள். கல்வி ஆலோசகர்கள் சொல்கிறார்கள், தொழிலதிபர்கள் மேடையில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் ஐன்ஸ்டீன் சொல்கிறார். மீனை மரம் ஏறச் சொல்லிச் சோதித்தால் அது தன்னை முட்டாள் என்றே நினைத்துக்கொள்ளும் என்ற அந்தக் கதையை ஐன்ஸ்டீன் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. போகட்டும். மீனுக்கு மரம் ஏற வராது என்பது அதன் இனத்தைப் பற்றிய செய்தி. ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரே இனம். கதை அந்த இடத்திலேயே நொண்டுகிறது.

இந்த அறிவுரை யாருடைய பிள்ளைக்குச் சொல்லப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். டாக்டர் மகன் கணக்கில் 38 வாங்கினால் டியூஷன் வைப்பார்கள். அப்படியும் தேறாவிட்டால் பணம் கட்டி எங்காவது சேர்ப்பார்கள். அந்த வீட்டுக் கார் ஓட்டுகிறவரின் மகன் அதே 38 வாங்கினால் அவனுக்கு மட்டும் சுபாவம் வந்துவிடுகிறது. அவன் ‘கையால் கற்கிறவன்’ ஆகிவிடுகிறான். சுபாவத்தைப் பார்த்துப் பாதை சொல்கிறோம் என்று நாம் செய்யும் காரியத்தில் அளக்கப்படுவது பிள்ளை அல்ல, பிள்ளையின் வீடு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

முதலில் அந்த உளவியல் சட்டையைக் கழற்றிப் பார்ப்போம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் ஆசிரியர் பயிற்சிகள் வரைக்கும் நுழைந்திருக்கிறது. 2008-ல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள், இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். வகைக்கு ஏற்றபடி கற்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கிறது என்று ஒழுங்கான முறையில் நிரூபித்த ஆய்வுகள் அநேகமாக இல்லை என்பதே அவர்கள் கண்டது. ஹோவர்டு கார்ட்னர் 1983-ல் முன்வைத்த பல்வகை அறிவுத்திறன் கொள்கையைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. தான் சொன்ன அறிவுத்திறன்களும் இந்தக் ‘கற்கும் பாணி’யும் ஒன்றல்ல என்று அவரே எழுதிவிட்டார். இதற்கும் கீழே, பிள்ளையின் பத்து விரல் ரேகைகளை ஸ்கேன் செய்து அவன் இன்ஜினீயர் ஆவானா, ஓவியர் ஆவானா என்று ரிப்போர்ட் தரும் டி.எம்.ஐ.டி. என்ற வியாபாரம் நம் ஊர்களில் நடக்கிறது. கைரேகை ஜோசியத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆளுமை என்று ஒன்றே கிடையாது என்பதல்ல என் வாதம். இருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள், இன்னொருவன் ஒரு நிமிடம் உட்கார மாட்டான். ஆனால் அது கல்லில் வெட்டியதல்ல. பலரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளை ப்ரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பொறுப்புணர்ச்சியும் மன நிதானமும் பெரிய அளவில் வளர்வது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் என்று தெரிந்தது. அதாவது, எந்தக் குணம் இல்லை என்று சொல்லிப் பதினாலு வயதில் ஒருவனைப் பள்ளியை விட்டு அனுப்புகிறோமோ, அந்தக் குணம் பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பின்தான் வந்து சேர்கிறது.

மனத்தின் வகையைக் கண்டுபிடித்து அதன்படி பள்ளி பிரிக்கும் காரியத்தை ஒரு தேசம் முழு மனதோடு செய்து பார்த்திருக்கிறது. 1943-ல் இங்கிலாந்தில் நார்வுட் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளில் மூன்று வகை என்றது அது. அறிவை அறிவுக்காகவே நாடுபவர்கள் ஒரு வகை. பயன்படு அறிவியலிலும் கலையிலும் நாட்டம் கொண்டவர்கள் அடுத்த வகை. கருத்துகளைவிடக் கண்ணுக்குத் தெரியும் பொருள்களைக் கையாளுவது சுலபமாக இருப்பவர்கள் மூன்றாவது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் நாட்டின் பெரும்பகுதியில் 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, முதல் வகையைக் கிராமர் பள்ளிக்கும் மற்றவர்களைப் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கும் அனுப்பினார்கள். நடுவில் இருந்திருக்க வேண்டிய டெக்னிக்கல் பள்ளிகள் மிகக் குறைவாகவே கட்டப்பட்டன. மூன்று வகை மனம் என்றார்களே, நடு வகை மனம் எங்கே போயிற்று? அதற்குக் கட்டடம் இல்லை, ஆகவே அந்த மனமும் இல்லை! கிராமர் பள்ளி இடங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஓர் ஊரில் அறிவை நாடுபவள் என்று சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கக்கூடியவள் பக்கத்து ஊரில் பொருளைக் கையாளுபவள் ஆனாள். பல இடங்களில் பெண்களுக்கான இடங்கள் குறைவு என்பதால், உள்ளே போன பையனைவிட அதிக மார்க் வாங்கிய பெண் வெளியே நின்றாள். நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கிராமர் பள்ளியிலும் தொழிலாளர் பிள்ளைகள் மற்றதிலுமாகக் குவிந்தார்கள். 1965-ல் தொழிற்கட்சி அரசு, இந்தப் பிரிவினையைக் கைவிட்டுப் பொதுப்பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளூர் கல்வி அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மனத்தை அளக்கப் புறப்பட்ட கருவி, காலியிடத்தையும் குடும்ப வருமானத்தையும் அளந்துவிட்டுத் திரும்பியது.

நமக்கு இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் தினசரி 5 மணி நேரப் பள்ளி 3 மணி நேரம் ஆனது. மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளியில் இடப் பற்றாக்குறை, கஜானாவில் பணப் பற்றாக்குறை, கைத்தொழிலுக்கு மரியாதை என்று அவர் பக்கத்துக் காரணங்களும் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதில் அவருக்கும் இன்றைய ஆலோசகர்களுக்கும் கருத்து வேற்றுமை இருந்திருக்காது. ஆனால் திட்டம் கிராமப்புறங்களுக்குத்தான், நகரங்களுக்கு இல்லை. கைத்தொழில் அவ்வளவு மேன்மையானது என்றால் மயிலாப்பூர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள், அவர்களுக்கு மட்டும் ஏன் அந்தப் பாக்கியம் இல்லை என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். சில வாரங்களில் திட்டம் போயிற்று. திட்டம்தான் போயிற்று, அந்த யோசனை போகவில்லை. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு கொடுத்திருக்கிறது. ஆடிட்டர் வீட்டில் எந்தப் பிள்ளையும் மாலை நேரத்தில் கணக்கு சரிபார்ப்பதில்லை. விலக்கு எந்த வீடுகளுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் பட்டியலை எடுக்கும். காமராஜர் என்ன படித்தார்? ஜி.டி.நாயுடு? ராமானுஜன்? பில் கேட்ஸ்? ஏ.ஆர்.ரஹ்மான்? பட்டியல் உண்மைதான். அதைப் படித்துக் காட்டும் விதத்தில்தான் பிழை.

காமராஜர் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். தன்னால் படிக்காமல் மேலே வர முடிந்தது என்பதை அவர் கொள்கையாக்கவில்லை. ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், 1956-ல் மதிய உணவு போட்டார். ஜி.டி.நாயுடு பள்ளியை வெறுத்து ஓடியவர் என்பார்கள். அவர்தான் 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர். நான்கு வருடப் படிப்பு வீண், சீக்கிரம் முடிக்கலாம் என்று அவர் சண்டை போட்டது கல்லூரிக்குள் நின்றுகொண்டு. ரஹ்மான் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு ஸ்டூடியோக்களுக்குப் போனவர். 2008-ல் சென்னையில் அவர் ஆரம்பித்தது ஓர் இசைக் கல்லூரி. பாடத்திட்டம், ஆசிரியர், தேர்வு எல்லாம் உள்ள கல்லூரி. படிக்காமல் ஜெயித்தவர்கள் கையில் அதிகாரமும் பணமும் வந்ததும் கட்டியவை என்ன என்று பாருங்கள்.

பில் கேட்ஸ் ஹார்வர்டை 1975-ல் விட்டார் என்பதைச் சொல்பவர்கள், 1968-லேயே கம்ப்யூட்டர் டெர்மினல் வைத்திருந்த சியாட்டில் தனியார் பள்ளி ஒன்றில் அவர் படித்ததைச் சொல்வதில்லை. ஹார்வர்டை விட வேண்டுமென்றால் முதலில் ஹார்வர்டுக்குள் போயிருக்க வேண்டும்.

ராமானுஜன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பள்ளிப் படிப்புக்கும் மேதைக்கும் ஒத்துவராது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைக்கிறார்கள். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவர் பரிசு வாங்கிய மாணவர். 1904-ல் பள்ளி முடித்தபோது உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதாவது பள்ளி அவருக்கு ஒத்துவந்தது. அவர் கணக்கு வெறிக்கு அடிப்படையான ஜி.எஸ்.கார் எழுதிய சூத்திரத் தொகுப்பு, கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் மூலம் கிடைத்தது. ஒத்துவராதது, கல்லூரியில் முதல் கட்டமான எஃப்.ஏ. தேர்வின் ஒரு விதி. ஆங்கிலம் முதல் உடலியல் வரை எல்லாவற்றிலும் தேறினால்தான் கணக்கையே தொடரலாம் என்ற விதி. அதனால் உதவித்தொகை போயிற்று, பச்சையப்பன் கல்லூரியிலும் தோற்றார். பிறகு துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அந்த நிலையில், சுபாவத்துக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது, கணக்குப் பிள்ளையாகவே இருக்கட்டும் என்று யாராவது பரிவோடு சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ். 1916-ல் அங்கே ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம். அவரைத் தடுத்தது நிறுவனத்தின் ஒரு விதி, தூக்கி நிறுத்தியதும் நிறுவனம்தான், அந்த விதியைத் தளர்த்திக்கொண்டு. ராமானுஜனிடமிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால், விதியைத் தளர்த்து என்பதுதான். பிள்ளையை வெளியே அனுப்பு என்பது அல்ல.

அடுத்தது ஜெர்மனி. “ஜெர்மனியில் பாருங்க, பத்து வயசுலயே பிரிச்சுடறான், தொழில் கத்துக்கறான், நாடு எங்கேயோ போயிடுச்சு.” பத்து வயதில் பிரிப்பது உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிரிக்கிறார்கள். 2000-ல் பல நாட்டு மாணவர்களை ஒப்பிட்டு நடத்திய முதல் பிசா தேர்வின் முடிவு 2001-ல் வந்தபோது, குடும்பப் பின்னணி பிள்ளையின் தேர்ச்சியை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று என்று தெரிந்து அந்த நாடே அதிர்ந்ததும் உண்மை. அவர்களுடைய தொழிற்பயிற்சி நன்றாக இருக்கிறது என்றால், காரணம் பிரிப்பதில் இல்லை. பயிற்சி பெறுபவருக்கு நிறுவனம் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகிறது. வாரத்தில் ஓரிரு நாள் அவர் தொழிற்பள்ளிக்குப் போயே ஆக வேண்டும், அங்கே தொழிலோடு மொழியும் சமூகப் பாடமும் உண்டு. இரண்டிலிருந்து மூன்றரை வருடம் கழித்துப் பொதுத் தேர்வு. இதைவிட முறைசார்ந்த கல்வி வேறென்ன வேண்டும்? நம் ஊரில் ‘ஜெர்மனி மாதிரி’ என்று சொல்லிவிட்டுப் பையனைப் பட்டறையில் எடுபிடி வேலைக்கு விடுகிறோம். போலந்து 1999 சீர்திருத்தத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் வயதை ஒரு வருடம் தள்ளிப்போட்டது. அதன்பின் பிசாவில் அதன் நிலை ஏறியது. பின்லாந்தில் 16 வயது வரை எல்லாருக்கும் ஒரே பள்ளி. அதற்குப் பிறகு பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தொழிற்கல்விக்குப் போகிறார்கள். அங்கே தச்சு படித்தவருக்கும் பிறகு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை.

கைத்தொழிலுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள், இன்றைய கைத்தொழிலைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கோளாறை ஸ்கேனர் இங்கிலீஷில் எழுதிக் காட்டுகிறது. காதை வைத்து இன்ஜினைக் கேட்டுச் சொன்ன மெக்கானிக்கின் திறமை போய்விடவில்லை, ஆனால் அது மட்டும் போதாமல் ஆகிவிட்டது. வெல்டிங் படிக்க ஐ.டி.ஐ.யில் 8-ஆம் வகுப்பு போதும். அதே வெல்டர் வளைகுடா போக நினைத்தால் பாஸ்போர்ட் ஆபீஸில் 10-ஆம் வகுப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். அது இல்லாமல், வேறு விலக்குத் தகுதியும் இல்லாவிட்டால், இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான். அதை வைத்துக்கொண்டு சவூதி, குவைத், மலேசியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் தனியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சலில் ஏஜென்ட் நுழைகிறார். ‘அவனுக்கு எதுக்குங்க டென்த்’ என்று சொன்னவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதில்லை.

பிளம்பர் இன்ஜினீயரைவிட அதிகம் சம்பாதிக்கிறார் என்பது இன்னொரு வாதம். சில பிளம்பர்கள் சம்பாதிக்கிறார்கள்தான். ஆனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, ஐம்பது வயதில் முட்டி போனால் வருமானமும் போயிற்று. அப்படி லாபமான தொழில் என்றால் இதைச் சொல்லும் இன்ஜினீயரின் மகன் ஏன் குழாய் ரிப்பேர் கற்கவில்லை?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேவையில்லாத இடத்தில் சான்றிதழ் கேட்பது அக்கிரமம். லாரி ஓட்ட 8-ஆம் வகுப்பு வேண்டும் என்றிருந்த விதியை 2019-ல் எடுத்தது நல்ல காரியம். தமிழ்நாட்டில் வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கென்று மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. கையில் வித்தை இருப்பவரைத் தேடிப் போய் அங்கீகரிக்கும் இது போன்றவை இன்னும் பத்து மடங்கு வேண்டும். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 2021-22 கணக்கில் 47 சதவீதம், இந்தியா 28.4. அந்த 47-ல் எத்தனை பேர் உருப்படியான கல்லூரியில் இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கும் கோபம்தான் வரும். பி.இ. முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்பவரைக் காட்டி என்னிடம் நிறையப் பேர் வாதாடியிருக்கிறார்கள். அவர் மோசமான கல்லூரிக்குச் சாட்சி. எட்டாம் வகுப்பில் திணறும் பிள்ளைக்கு எதிராக அவரைக் கூண்டில் ஏற்றுவது எப்படி நியாயம்?

பள்ளிக்கூடம் ஒரே சுபாவத்தைத்தான் கொஞ்சுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அசையாமல் உட்காருகிற, போர்டில் இருப்பதை எழுதிக்கொள்கிற, பரீட்சை அன்று ஒப்பிக்கிற சுபாவம். துறுதுறுப்பான பிள்ளை அங்கே ரவுடி, பேசாத பிள்ளை மக்கு. ஆனால் இதற்கு என்ன செய்வது என்பதில்தான் வழி பிரிகிறது. 1907-ல் மரியா மாண்டிசோரி ரோம் நகரத்தின் சான் லொரென்சோ சேரிப் பகுதியில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை வைத்துத் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகள். அவர் பிள்ளைகளை வேறிடம் அனுப்பவில்லை, மேஜை நாற்காலியைப் பிள்ளை உயரத்துக்கு மாற்றினார். கையில் தொட்டு எண்ணும் பொருள்களைக் கொடுத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அதே சென்னையில் ‘மாண்டிசோரி’ என்ற போர்டு தொங்கும் இடங்களின் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். சேரிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை வசதியுள்ளவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கையால் கற்பது அவர்களுக்குப் பள்ளிக்குள்ளேயே ‘ஆக்டிவிட்டி’யாகக் கிடைக்கிறது. ஏழைப் பிள்ளையின் கைக்கு மட்டும் பள்ளிக்கு வெளியே ஸ்பானர் கொடுக்கப்படுகிறது.

சரி, நம் பள்ளிகளில் பாதை எப்படிப் பிரிகிறது? பிளஸ் ஒன் சேர்க்கையில் போய் நின்றால் தெரியும். முதல் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பயோ-மேத்ஸ், அடுத்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு காமர்ஸ், மிச்சமிருப்பவர்களுக்கு வொகேஷனல். எந்தப் பெண்ணுக்குச் செடி வளர்ப்பதில் ஆசை, எந்தப் பையனுக்கு மோட்டார் பிரித்துப் போட வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 480 வாங்கிய ஒருவன் விரும்பி வொகேஷனல் கேட்டால் தலைமை ஆசிரியர் அப்பாவைக் கூட்டி வரச் சொல்வார். மார்க்கை வைத்துப் பிரித்துவிட்டு, பிரித்ததற்குப் பிறகு அதைச் சுபாவம் என்று அழைக்கிறோம். தொழிற்பாடத்தை மிச்சமிருப்பவர்களின் தொட்டியாக வைத்திருக்கும் வரை அதன் மேன்மையைப் பற்றி யாரும் மேடையில் பேசாமல் இருப்பது நல்லது. தச்சும் வயரிங்கும் தையலும் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் பாடமாக இருக்கட்டும், 480 வாங்குகிறவனுக்கும் சேர்த்து. பிரிப்பதை 16 வயதுக்கு முன்னால் செய்ய வேண்டாம்.

பிரிந்த பிறகும் திரும்பி வர வழி இருக்க வேண்டும். கொஞ்சம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் அந்த இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் அது பிளஸ் டூவுக்குச் சமம் என்று தமிழ்நாட்டில் ஆக்கியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் டிரேடில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், தெரியுமா என்று. அவனுக்குக் கைவேலைதான் வரும் என்று சொல்ல வீடு தேடி வந்தவர்கள், இன்னொரு தடவை வந்து இதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.